மறைந்தும் மறையாத துப்பறிவாளர்



ஒரு நடிகர் மறைந்தால், அவரை நேசித்த மக்கள் எதை நினைந்து வருந்துகின்றனர்? கேட்பதற்கு எளிய வினாவாகத் தோன்றினும் இதற்கு விடை கூறுதல் அவ்வளவு எளிதன்று. காதலனாக நடித்தவர் மறைந்தால் அவர் வாயசைத்த பாடல்கள் நினைவுக்கு வருகின்றன. அரசனாக நடித்தவர் மறைந்தால் அவர் முழங்கிய வசனங்கள் காதில் ஒலிக்கின்றன. நகைச்சுவை நடிகர் மறைந்தாலோ, கண்ணீருக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆனால் துப்பறிவாளராக நடித்து மக்கள் மனத்தில் இடம்பெற்ற ஒருவர் மறையும்போது எழும் துயரம் வேறு வகையானது. நமக்கு ஏதேனும் நேர்ந்தால் ஓடிச் சென்று முறையிட இருந்த ஒருவர் இல்லாமற் போய்விட்டார் என்பது போன்ற உணர்ச்சி அது. அவர் நடிகர், உண்மையான துப்பறிவாளர் அல்லர் என்பதை எல்லோரும் அறிவர். அறிந்திருந்தும் அவ்வுணர்ச்சி எழுகிறது. அது ஏன் என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

தமிழ் மக்கள் இவ்வாறு நினைந்து வருந்திய நடிகர் ஜெய்சங்கர். 1938ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பிறந்த அவர், 2000ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் சென்னையில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 61. கால் நூற்றாண்டு கடந்துவிட்ட பின்னரும், எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நடுவயது கடந்தவர்கள் கூடிப் பழைய படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர் பெயர் வராமல் அப்பேச்சு முடிவதில்லை. அப்பெயரும் பெரும்பாலும் 'சி.ஐ.டி. சங்கர்' என்றுதான் வரும்.

சென்னைப் புதுக்கல்லூரியிற் பயின்று, மேடை நாடகங்களில் நடித்துப் பழகிய இளைஞரான அவரை, 1965இல் ஜோசப் தளியத் 'இரவும் பகலும்' என்னும் படத்தின் வாயிலாகத் திரைக்கு அறிமுகஞ் செய்தார். அவ்வாண்டிலேயே வெளிவந்த 'குழந்தையும் தெய்வமும்' குடும்பங்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆயினும் அவருக்கெனத் தனி முத்திரை பதித்துக் கொடுத்தவை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த துப்பறியும் படங்களேயாம். 1966இல் 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' ஆகியனவும், 1967இல் 'எதிரிகள் ஜாக்கிரதை'யும், 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்' என்ற பெயரிலேயே ஒரு படமும் வந்தன. ஓடும் ரயிலில் நிகழும் கொலையை மையமாகக் கொண்ட 'நீலகிரி எக்ஸ்பிரஸ்' 1968இல் வந்தது. ஆங்கிலத் திரையில் 1962இல் ஜேம்ஸ் பொண்ட் தோன்றி உலகெங்கும் புகழடைந்திருந்த காலம் அது. ஆகவே மக்கள் இவரைத் 'தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட்' என்று அழைக்கலாயினர். வெள்ளிக்கிழமை தோறும் இவர் படம் ஒன்று வெளிவருகிறது என்று சொல்லுமளவுக்குப் படங்கள் தொடர்ந்து வந்தமையால் 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்ற பெயரும் வழங்கிற்று.

துப்பறியும் கதை தமிழுக்கு ஜெய்சங்கரோடு வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அத்தகைய நாவல்களை எழுதிக் குவித்தனர். ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950இல் திரைக்கு வந்தபோது, எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் தோன்றி அப்பாத்திரத்தை நடித்தார். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', பாடலே இல்லாத தமிழ்ப் படமாக வந்து வியப்பூட்டியது. 1943இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய வேளையில் ஒரு வானொலிப் பொறியியலாளர் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். ஐயத்துக்குரிய ஒவ்வொருவரையும் விசாரிக்கும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன் அமைதியே உருவாக நடித்தார். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளை நேரிற் கண்ட எங்கள் ஊருக்கு அக்கதையின் பின்னணி அயலானதன்று. இவற்றோடு, 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால் என்னும் துப்பறிவாளரையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

இத்தகைய மரபில் வந்த ஜெய்சங்கர் செய்த புதுமை யாது? துப்பறிவாளரை அவர் பக்கத்து வீட்டு இளைஞராக்கினார். பேரரசர்களைப் போல நடந்து வரும் நாயகர்களுக்கு நடுவே, இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விரைந்து நடந்தார். அடி கொடுத்தார், அடியும் வாங்கினார். காண்பவரை எல்லாம் 'ஹாய்' என்று கைதூக்கி வரவேற்பது அவருடைய வாழ்க்கை வழக்கம் என்பர். திரையிலும் அதே இயல்புதான். அறிவால் நம்மைவிட ஓரடி முன்னே செல்பவராக இருந்தாரேயன்றி, நாம் எட்டவே இயலாத உயரத்தில் அவர் நிற்கவில்லை.

ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர் இதனை என்னிடம் அழகாகச் சொன்னார். அவர் சொல்லிலேயே கூறுகிறேன்: "எம்.ஜி.ஆர். வந்தா நாங்க கை தட்டுவம் சேர். ஜெய்சங்கர் வந்தா நாங்களும் சேர்ந்து யோசிப்பம்." திரைப்பட விமரிசகர் ஒருவர் பல பக்கங்களில் எழுதக்கூடியதை அவர் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

இத்தகைய படங்களுக்குத் திருகோணமலையில் தனி வரவேற்பு இருந்தமைக்கு இடத்தின் இயல்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். எங்கள் ஊர் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைச் சுற்றி அமைந்தது. 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படை அங்கே தளம் கொண்டிருந்தது. இரவில் வெளிச்சங்களோடு வந்து நிற்கும் கப்பல்களையும், சீனன்குடாவின் பெரும் எண்ணெய்த் தாங்கிகளையும், கடற்படை வேலிகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கள்ளக்கடத்தற்காரர் படகில் வந்து இறங்கும் காட்சியோ, மலைக்குகையில் இரகசிய அறை திறக்கும் காட்சியோ திரையில் வந்தால், எங்களுக்கு அது கற்பனையாகத் தோன்றாது. கோணேசர் மலையின் அடிவாரத்தில் அப்படி ஓர் அறை இருக்கக்கூடும் என்று நம்பிய சிறுவர் பலர்.

பாலங்கள் அமையாத காலத்தில் மூதூரிலிருந்து நகருக்கு வருவோர் லோஞ்சு ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்தே வருவர். படம் பார்க்க வந்தால் கடைசி லோஞ்சுக்கு முன் இறங்குதுறைக்குத் திரும்ப வேண்டும். மூதூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர், கொலையாளி யார் என்று தெரிவதற்குள் எழுந்து ஓட நேர்ந்த ஒரு மாலையை இன்றும் மறக்கவில்லை. லோஞ்சில் வந்த நண்பர்கள் ஆளுக்கொரு முடிவைச் சொல்லிக் கரை சேரும் வரை வாதிட்டனராம். மறுவாரம் மீண்டும் வந்து இறுதிக் காட்சியைப் பார்த்த பின்னரே அவருக்கு நிம்மதி பிறந்ததாம். முடிவு தெரியாமல் இருத்தல் மனிதனுக்கு எத்துணைப் பெரிய வேதனை என்பதற்கு இச்சிறு நிகழ்ச்சி சான்றாகும். இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இவ்விடத்துக்கே மீண்டும் வருவேன்.

1970களின் தொடக்கத்தில் தமிழகத்து வார இதழ்கள் இலங்கைக்கு வருவது கட்டுப்படுத்தப்பட்டது. 1972இல் செயற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் பொறுப்பில் ஏற்றது. தமிழகத்தில் ஓடி முடிந்த படங்கள் பல இங்கே காலந் தாழ்த்தியே வந்தன. அவ்விடைவெளியை நிரப்பியது வானொலி. வேதா இசையமைத்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாடல்கள் இலங்கை வானொலியில் ஒலித்தமையால், படத்தைக் காணாதவரும் அதன் பாடல்களை அறிந்திருந்தனர். பாட்டைக் கேட்டுக் கதையை ஊகிப்பதும் ஒருவகைத் துப்பறிதல்தானே!

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியபின் தொலைக்காட்சி மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலம் தொடங்கித் திரையரங்குகள் பல ஒளியிழந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் மின்பிறப்பாக்கியையும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படங்களைப் போட்டுத் தெருவே கூடிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அவ்விரவுகளில் சி.ஐ.டி. சங்கர் புதிய தலைமுறைக்கு அறிமுகமானார். தந்தையர் திரையரங்கிற் கண்ட துப்பறிவாளரைப் பிள்ளைகள் சின்னத்திரையிற் கண்டனர். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் மறைந்த செய்தி வந்தபோது, இந்நாட்டில் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. நாள்தோறும் மரணச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்த மக்கள், கடலுக்கு அப்பால் ஒரு நடிகர் இறந்ததற்காகவும் வருந்தினர் என்பது வியப்பன்று. இறந்தவர் அவர்களுடைய அமைதிக் காலத்தின் தோழர்.

இத்தகைய பாசம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1984 முதல் பத்தாண்டுகள் ஷெர்லொக் ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட் 1995இல் மறைந்தார். ஹோம்ஸ் என்றாலே அவர் முகந்தான் தோன்றுகிறது என்போர் இன்றும் பலர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கசங்கிய மழைக்கோட்டோடு வந்த கொலம்போ என்னும் துப்பறிவாளருக்கும் நம் கொழும்பு நகருக்கும் தொடர்பில்லை. பீட்டர் ஃபால்க் நடித்த அப்பாத்திரத்தின் கதைகளில் கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடும். செல்வமும் செருக்கும் மிக்க அக்கொலையாளியை இவ்வெளிய மனிதர் எவ்வாறு மடக்குவார் என்பதே சுவை. ஃபால்க் 2011இல் மறைந்தார். அங்கேரி நாட்டுத் தலைநகரான புடாபெஸ்ட்டின் தெரு ஒன்றில் அவருக்குச் சிலை வைத்திருக்கின்றனர். வங்கத்தில் சத்யஜித் ராய் படைத்த ஃபெலுதா என்னும் துப்பறிவாளராக 1974இலும் 1979இலும் திரையில் நடித்த சௌமித்ர சட்டர்ஜி 2020 நவம்பரில் மறைந்தபோது, பெரும் நடிகரை இழந்த துயரோடு, சிறுவயதுத் தமையனை இழந்த துயரும் வங்க மக்களுக்கு இருந்தது. நாடு எதுவாயினும், மொழி எதுவாயினும், துப்பறிவாளரை மக்கள் தம் குடும்பத்தவராகவே கொள்கின்றனர்.

ஜெய்சங்கரின் பிற்கால வாழ்வையும் ஒரு சொல் சொல்லுதல் வேண்டும். 1980இல் வெளிவந்த 'முரட்டுக் காளை'யில் அவர் ரஜினிகாந்துக்கு எதிராக வில்லனாக நடித்தார். நீதியின் பக்கம் நின்றவர் அநீதியின் பக்கம் நிற்பதைக் காணப் பழைய ரசிகர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. அவரோ அதனைத் தொழிலாகக் கருதி இயல்பாக ஏற்றார். சிறு முதலீட்டில் படமெடுத்த தயாரிப்பாளர்களுக்குத் துணை நின்றவர், ஆதரவற்றோர் இல்லங்களுக்கு ஓசையின்றி உதவியவர் என்று திரையுலகத்தார் அவரைப் போற்றுவர். 1986இல் வந்த 'ஊமை விழிகள்' படத்தில், இளம்பெண்கள் காணாமற் போவதன் மருமத்தை வெளிக்கொணர முயலும் பத்திரிகையின் ஆசிரியராக அவர் தோன்றினார். துப்பாக்கியும் ஓட்டமும் இல்லை. நரை கண்ட முகமும், விட்டுக்கொடாத கேள்வியும் மட்டுமே இருந்தன. இளமையின் வேகம் குறைந்த பின்னரும் துப்பறிவாளரின் உயிர்நாடி குறையவில்லை என்பதை அந்தப் பாத்திரம் காட்டிற்று.

அந்த உயிர்நாடி யாது? கேட்ட கேள்வியைக் கைவிடாமை. இவ்விடத்திலேதான் மூதூர் லோஞ்சின் நிகழ்ச்சிக்கு மீண்டும் வருகிறேன். படத்தின் முடிவைக் காணாத ஒரு வாரமே அந்த முதியவருக்குப் பொறுக்க இயலாததாக இருந்தது. ஆண்டுக் கணக்காக முடிவை அறியாது வாழ்வோரை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பகுதியில் ஓர் அம்மையார் இருக்கிறார். இளமையில் தம் அண்ணனோடு ஜெய்சங்கர் படங்களைத் தவறாமற் பார்த்தவர். 1990ஆம் ஆண்டில் ஒரு நாள் வீட்டை விட்டுப் புறப்பட்ட அந்த அண்ணன் திரும்பி வரவில்லை. தொலைக்காட்சியில் அப்பழைய படங்கள் வரும்போது அவர் இன்றும் இறுதிவரை இருந்து பார்க்கிறார். "முடிவு தெரியும்தானே அம்மா, பிறகு ஏன் பார்க்கிறீர்கள்?" என்று பேரப்பிள்ளை கேட்டதற்கு, "முடிவு தெரியிற கதையெண்டபடியாத்தான் பிள்ளை பார்க்கிறன்" என்று அவர் விடை சொன்னார். இதைக் கேட்டபின் நெடுநேரம் எனக்குப் பேச்செழவில்லை.

துப்பறிவாளராக நடித்தவரின் மறைவு மக்களை ஏன் தனிப்பட்ட முறையில் வருத்துகிறது என்ற வினாவுக்கு இவ்வம்மையாரின் சொல்லே விடையாகும். அவர் மக்களுக்கு ஒரு வாக்குறுதியின் உருவமாக இருந்தார். காணாமற் போனவரை ஒருவர் தேடுவார், இறந்தவரைப் பற்றி ஒருவர் விசாரிப்பார், கடைசிக் காட்சி முடியுமுன் உண்மை வெளிவந்தே தீரும் என்பதே அவ்வாக்குறுதி. வாழ்க்கை அதனை எப்போதும் நிறைவேற்றுவதில்லை. இந்நாட்டில் எல்லா இனத்தவரிடையேயும் தம்மவரின் முடிவை அறியாத குடும்பங்கள் உள்ளன. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைப்பதற்கு 2016இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் அமைவது தொடக்கமேயாம். கதவைத் தட்டிய தாய்க்கு விடை கிடைக்கும் நாளே முடிவாகும்.

துப்பறியும் கதைக்கு மற்றொரு பாடமும் உண்டு. முதலில் எவன்மீது ஐயம் விழுகிறதோ அவன் பெரும்பாலும் குற்றவாளி அல்லன். இதனைத் தமிழர்க்குத் திரைப்படமா கற்பிக்க வேண்டும்? சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, ஆராயாமல், கோவலனைக் கொல்லுமாறு ஆணையிட்டான். கண்ணகி அவைக்கு வந்து கண்ணீரை மட்டும் காட்டவில்லை, சான்றும் காட்டினாள். அரசியின் சிலம்பினுள் இருந்தவை முத்துகள். கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது தெறித்தவை மாணிக்கப் பரல்கள். தடயப் பொருளைக் கொண்டு வழக்கை நிலைநாட்டிய அந்தப் பெண்ணைக் கிழக்கிலங்கையில் இன்றும் வைகாசித் திங்களிற் குளிர்த்தி பாடி வழிபடுகின்றனர். சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வமாகப் போற்றுகின்றனர். விசாரணையின்றி வழங்கும் தண்டனை ஒரு நகரையே எரிக்கும் என்பதை இரு மக்களும் ஒரே தெய்வத்தின் வாயிலாக அறிந்திருக்கின்றனர்.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் மாவட்டம் எங்களுடையது. வதந்தி ஒன்று மாலையிற் பிறந்து காலைக்குள் என்ன செய்யவல்லது என்பதை மூத்தோர் அறிவர். இன்று அவ்வதந்தி கைத்தொலைபேசியில் ஒரு நொடியிற் பரவுகிறது. பாடசாலையில் ஒரு மாணவனுடைய பேனை தொலைந்தாலும், 'அவன்தான் எடுத்தான்' என்று ஒருவன் பெயர் உடனே எழுந்துவிடுகிறது. அத்தகைய வேளைகளில் நான் மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "நீ கண்டாயா, கேட்டாயா, நினைத்தாயா?" கண்டது வேறு, கேட்டது வேறு, நினைத்தது வேறு. இம்மூன்றையும் பிரித்தறியக் கற்றவன் கல்வியின் பெரும்பகுதியைக் கற்றவனாவான். எவர் சொல்லினும் அதன் மெய்மையை ஆராய்ந்து காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த இலக்கணமும் இதுவேயன்றோ?

1976இல் வெளிவந்த 'துணிவே துணை'யில், பேய் உலாவுகிறது என்று அஞ்சி நடுங்கும் கிராமத்துக்கு ஜெய்சங்கர் அதிகாரியாகச் செல்வார். ஊரார் எல்லோரும் கதவடைத்துக் கொள்ளும் நேரத்தில் அவர் வெளியே வந்து, பேய் என்பது யார் என்று பார்ப்பார். அச்சத்துக்கும் உண்மைக்கும் இடையே இருப்பது சில அடித் தூரமே. அத்தூரத்தை நடந்து கடப்பவரே துப்பறிவாளர்.

நடிகர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்புவோர் எழுப்பட்டும். பழைய படங்களை மீண்டும் மீண்டும் காண்போர் காணட்டும். அவ்விரண்டும் நன்றே. எனினும் சி.ஐ.டி. சங்கரை நேசித்தவர்கள் அவருக்குச் செய்யக்கூடிய சிறந்த அஞ்சலி வேறொன்று உண்டு. அயலவரைப் பற்றி ஒரு செய்தி காதில் விழும்போது, அதனைப் பிறருக்குச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்போம். விடையை நாடி நம் வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது, அவர் கேள்வி பழையதாகிவிட்டது என்று கதவைச் சாத்தாதிருப்போம்.